காக்கையின் கறுப்பு

"காக்காயைப் படம் எடுக்கத் தனியா ஒரு ஆளா?" போன மகாளய அமாவாசையன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். அப்பாவுக்குத் தர்ப்பணம் முடித்துப் பிண்டம் வைத்திருந்தார். காகம் வரவில்லை. போனில் ஏதோ தட்டினார்; படத்தில் இலைக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பியும் விட்டார். அண்ணன் அதைக் கும்பிட்டிருப்பார்.

என் போட்டோ ஸ்டூடியோவை மூடிய பிறகு எனக்கு மிஞ்சிய வேலை காக்கையைப் படம் எடுப்பதுதான். திதி, அமாவாசை என்றால் சில குடும்பங்கள் கூப்பிடும். மொட்டைமாடியிலோ படித்துறையிலோ காத்திருப்பேன்.

காக்கையை எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கறுப்பின் தொல்லை தெரியும். சோற்றுக்கு வெளிச்சம் அளந்தால் காகம் கரிக்கட்டை. காகத்தின் மார்பில் ஸ்பாட் வைத்து அளந்தால் காகம் சாம்பலாகும், சோறு வெள்ளைக் காகிதமாகும். வெளிச்சத்தை எவ்வளவு மைனஸ் பண்ணுவது என்பதை அன்றைய வெயில்தான் சொல்லும். ஊர்க்காக்கைக்காவது கழுத்தில் சாம்பல் உண்டு, அண்டங்காக்கைக்கு அதுவும் கிடையாது. காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் இறகில் நீலமும் ஊதாவும் எழும்பும். உச்சி வெயிலில் எடுக்கிறவர்களைப் பற்றி நான் பேசுவதில்லை. அப்புறம் கண். கறுப்பு முகத்தில் கறுப்புக் கண். அதில் ஒரு பொட்டு வெளிச்சம் விழாவிட்டால் படம் செத்தது. அந்த நேரம் பார்த்துக் கண்மேல் ஒரு மெல்லிய சவ்வு ஓடி மறையும். அதில் மாட்டினால் குருட்டுக் காக்கை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி காக்கையை எடுத்ததே இல்லை. அவர் டச்சிங்காரர். உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்களை, போன பிறகு நாற்காலியில் உட்கார்த்தி எடுப்பார்கள். மூடிய கண்ணைப் பிரிண்டில் பிரஷால் திறப்பது அவர் வேலை. தொடுவதற்கு முன் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "சிரிச்சா எந்தக் கண்ணும்மா சுருங்கும்? கோபம் வந்தா புருவம் ஏறுமா?" ஒரு பொழுது முழுக்கப் பேச்சாகவே போகும். ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிம் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் எரிச்சலோடு நிற்பேன். கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால் கண்ணைத் திறக்க மாட்டார். மூடிய கண்ணோடு பிரேம் போட்டுக் கொடுத்துவிடுவார். டச்சிங் காசும் வாங்க மாட்டார்.

பிரஷால் கண்ணைத் திறப்பதும் பொய்தானே என்று என் பேரன் கேட்கிறான். பொய்தான். ஆனால் கேட்டுச் சொன்ன பொய். போன் யாரைக் கேட்டது?

காகம் ஒற்றைக் கண்ணால் பார்க்கத் தலையைச் சாய்க்கும். "அப்பா இப்படித்தான் பேப்பர் படிப்பார்" என்று அந்தச் சாய்வில் அழுதவர்கள் உண்டு. ஓர் அம்மாவுக்கு நான் கொடுத்ததில் கண்ணும் இறகும் துல்லியமாக விழுந்த படங்கள் எல்லாம் இருந்தன. அவர் அவற்றைத் தள்ளிவிட்டு, காகம் வடையைக் கவ்விக்கொண்டு முதுகைக் காட்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடக்கும் ஒன்றை எடுத்தார். "கிடைச்சதை எடுத்துக்கிட்டுத் தனியாப் போய்ச் சாப்பிடறது. அவரேதான்." நான் கழித்துக்கட்ட நினைத்த படம் அது, ஃபோகஸ் இலையில் இருந்தது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

பறவைப் படம் எடுக்கும் இப்போதைய பையன்கள் விநாடிக்கு இருபது படம் அடித்துவிட்டு வீட்டில் போய்ப் பொறுக்குகிறார்கள். லென்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றும். எடுப்பதோ மீன்கொத்தி, அதுவும் மீனோடு. காக்கை ரொம்பச் சாதாரணமாம்.

கூப்பிடுகிறவர்களிடம் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முந்தின நாள் வீட்டுக்கு வருவேன், அவரைப் பற்றிக் கேட்பேன், காகம் வராவிட்டால் படம் கிடையாது. அதற்கெல்லாம் நேரமில்லை, படம் மட்டும் போதும் என்கிறவர்களுக்குத் தெருவுக்கு ஒரு பையன் போனோடு இருக்கிறான்.