ஹாரிஸ் பிரபுவின் ஊரிலிருந்து

அன்புள்ள சேகர்,

புதுப்பேட்டை ஹாரிஸ் ரோடில் வளர்ந்தவன் நீ. ஆதித்தனார் சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும், ஆட்டோக்காரரிடம் இன்றும் ‘ஹாரிஸ் ரோடு’ என்றுதான் சொல்கிறாய். அதனால் இந்தக் கடிதம் வேறு யாருக்கும் போகக் கூடாது. அந்த ஹாரிஸின் குடும்ப வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன்.

லண்டனிலிருந்து ஃபேவர்ஷமுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து தெற்கே டாக்ஸி. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே தீரவேண்டிய சந்துச் சாலை. இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டம். கென்ட் மாவட்டத்தில் வேறென்ன இருக்கும்? பெல்மாண்ட் மாளிகை தூரத்திலிருந்து வெளிர் மஞ்சள் செங்கல் கட்டடமாகத் தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது செங்கல் இல்லை. செங்கல் போலவே தெரியும்படி சுவரில் பதித்த ஓடு. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் அது ஒரு நாகரிகமாம்.

இந்த வீட்டை 1801-ல் வாங்கியவர் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ். எந்தப் பணத்தில் என்று கேள். 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து மதராஸ் படையை நடத்திக்கொண்டு போய், மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்து, திப்பு சுல்தானின் கதையை முடித்தவர் அவர். கோட்டையில் அள்ளியதைப் பங்கு போட்டபோது தளபதிக்கு வந்தது பெரும்பங்கு. அது கொஞ்சம் அதிகம்தான் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கே தோன்றி வழக்குப் போட்டது. வழக்கிலும் ஜெனரல்தான் ஜெயித்தார். 1815-ல் பிரபுப் பட்டம் வந்தபோது அதில் ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர், பெல்மாண்ட் என்று மூன்று ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உன் தெருவுக்கும் கூவத்தின் மேலிருந்த பாலத்துக்கும் பெயர் கொடுத்தவர் அவருடைய பேரன், மூன்றாம் ஹாரிஸ் பிரபு. 1854 முதல் 1859 வரை சென்னை கவர்னர். 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியதும், 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அவர் நாளில்தான். ஆனால் நான் தேடி வந்தது அவரையும் இல்லை, அவர் மகனை. அப்பா சென்னைக்கு கவர்னராக வந்தபோது மகனுக்கு மூன்று வயது. ஜார்ஜ் ராபர்ட் கானிங் ஹாரிஸ், நான்காம் ஹாரிஸ் பிரபு. பம்பாயில் ‘ஹாரிஸ் ஷீல்டு’ என்றால் பள்ளிக்கூடப் பையன்கள் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்களே, அந்த ஹாரிஸ்.

அவர் பிறந்தது டிரினிடாடில், 1851-ல். அப்பா அப்போது அங்கே கவர்னர். ஈட்டன் பள்ளியில் படித்தபோதே ஆளின் குணம் தெரிந்துவிட்டது. 1870-ல் லார்ட்ஸில் ஈட்டனுக்கும் ஹாரோவுக்கும் ஆட்டம். பந்து போட ஓடிவந்த ஹாரிஸ், பந்தை விடுவதற்கு முன்பே கோட்டைத் தாண்டிப் போன ஹாரோ பையனை அந்த முனையிலேயே ரன் அவுட் செய்தார். 2019-ல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின் ஜோஸ் பட்லரை அவுட்டாக்கியபோது, கிரிக்கெட்டின் கண்ணியம் கப்பலேறிவிட்டதாக இங்கிலாந்துப் பத்திரிகைகள் புலம்பினவே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கண்ணியத்தின் பெரிய காவலராக இவர்கள் கொண்டாடும் ஆசாமியே 19 வயதில் அதைச் செய்துவிட்டார். விதியில் இருக்கிறது, செய்தேன். அவருக்கு எப்போதும் அதுதான் கணக்கு. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. உனக்கும் இருக்காது என்று தெரியும்.

ஆட்டக்காரராக அவர் சூரர் இல்லை, ஆனால் சோடையும் இல்லை. கென்ட் அணிக்கு 1875 முதல் 1889 வரை கேப்டன். நான்கு டெஸ்ட் ஆடினார். நான்கிலும் அவரே கேப்டன். 1880-ல் இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட், ஓவலில், அவர் தலைமையில்தான் நடந்தது. டபிள்யூ. ஜி. கிரேஸ் 152 அடித்தார்.

அதற்கு முந்தின ஆண்டு சிட்னியில் நடந்த கூத்தை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். 1879 பிப்ரவரி 8. ஹாரிஸின் அணிக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆட்டம். உள்ளூர் செல்லப்பிள்ளை பில்லி மர்டாக், முதல் இன்னிங்ஸில் கடைசிவரை அவுட்டாகாமல் 82 எடுத்தவன். இரண்டாவது இன்னிங்ஸில் அவனை ரன் அவுட் என்றார் நடுவர் கோல்தார்ட். அவர் ஹாரிஸ் கூட்டிவந்த ஆள், போதாக்குறைக்கு விக்டோரியாக்காரர். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு மைதானத்தில் பந்தயப் பணமும் தாராளமாகப் புரண்டுகொண்டிருந்தது. இரண்டாயிரம் பேர் போல உள்ளே இறங்கிவிட்டார்கள். நடுவரைக் காப்பாற்றப் போன ஹாரிஸுக்குத் தடியடி விழுந்தது. அடித்தவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் அணியின் ஹார்ன்பி. சட்டை கிழிந்ததுதான் மிச்சம். எதிரணி கேப்டன் டேவ் கிரிகரி, நடுவரை மாற்றினால்தான் ஆடுவோம் என்று நின்றார். ஹாரிஸ் மாற்றவில்லை. கூட்டம் கலையும்வரை மைதானத்தை விட்டு நகரவும் இல்லை. நகர்ந்தால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று பயம். இன்னொரு முனையில் நடுவராக நின்றவர் எட்மண்ட் பார்ட்டன் என்ற இளம் வழக்கறிஞர். 1901-ல் ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர் ஆனாரே, அவரேதான்.

வீட்டுக்குள் சுற்றிக்காட்ட ஒரு பெண்மணி வந்தார். ஹாரிஸின் மகன், ஐந்தாம் பிரபு, கடிகாரப் பைத்தியம். முந்நூற்றுக்கு மேல் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த அறைக்குப் போனாலும் டிக் டிக். பதினொரு மணி அடித்தபோது எல்லாம் சேர்ந்து அடிக்கும் என்று காத்திருந்தேன். ஒன்று ஆரம்பிக்க, அடுத்த அறையில் இன்னொன்று பின்தொடர, மாடியில் ஏதோ ஒன்று தாமதமாக விழித்துக்கொள்ள, பதினொரு மணி முடியவே நெடுநேரமானது. ‘இவ்வளவு பேரும் ஒத்துப்போவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது’ என்றார் அந்த அம்மாள், சிரிக்காமல்.

இனி பம்பாய்க்கு வருகிறேன். 1890 முதல் 1895 வரை ஹாரிஸ் அங்கே கவர்னர். ‘இந்தியக் கிரிக்கெட்டை வளர்த்தவர்’ என்று இவரைச் சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. தாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் தேதியைப் பார். வெர்னான் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியைப் பார்சிகள் பம்பாயில் தோற்கடித்தது 1890 ஜனவரியில். ஹாரிஸ் வந்து இறங்கியது ஏப்ரலில். அவர் வருவதற்கு முன்பே பிள்ளை எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

வந்ததும் அவர் கைக்கு ஒரு மனு போயிற்று. பம்பாய் மைதானத்தில் நம் ஆட்கள் கிரிக்கெட் ஆடும் இடத்திலேயே வெள்ளைக்காரர்கள் வாரம் இரண்டு நாள் போலோ ஆடுவார்கள்; குதிரைக் குளம்பு பட்ட தரையில் பந்து எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. போலோவை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். விளையாட்டையே உயிராக நினைத்த மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? மறுத்துவிட்டார். பிறகு முஸ்லிம் ஜிம்கானாவுக்கு நிலம் ஒதுக்கினார்தான்; பார்சிகளுக்கு முன்பே கொடுத்தாகிவிட்டது, இவர்களுக்கு இல்லை என்று சொல்ல வழியில்லாமல், மனமில்லாமல் கொடுத்தது அது.

1893 ஆகஸ்டில் பம்பாயில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்தது. கவர்னர் புனேயில் இருந்தார். அவர் பம்பாய் வந்து சேர்ந்தது ஒரு வாரம் கடந்த பிறகு; வந்ததும்கூட ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை உத்தேசித்துத்தான் என்று ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். புனேயில் அவர் ஆட்டங்கள் வைத்துக் கொண்டாடிய கணேஷ்கிண்ட் மாளிகை இன்று சாவித்திரிபாய் ஃபுலே பல்கலைக்கழகம். அதே 1890களில், அதே புனேயில், ஐரோப்பியர் கிளப்பில் தரையை உருட்டி, வலை கட்டி, வெள்ளைக்காரர்களுக்கு நாள் முழுக்கப் பந்து போட்டுக்கொண்டிருந்தான் ஒரு தலித் பையன். பல்வங்கர் பாலூ. அவனுக்குப் பந்து போட மட்டும்தான் அனுமதி. மட்டையைத் தொடவிடுவது அபூர்வம். கவர்னருக்கு அந்தப் பெயர் அப்போது எட்டியிருக்குமா என்ன.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சொந்த நாட்டிலும் அவர் இதே பிடிவாதம்தான். பந்தை வீசாமல் எறிகிறார்கள் என்று 1885-ல் லங்காஷயருடன் ஆடவேண்டிய மறு ஆட்டத்தையே கென்ட் ரத்து செய்தது, அவர் வார்த்தையில்தான். வால்டர் ஹாமண்ட் டோவரில், அதாவது கென்ட்டில் பிறந்தவர். குளஸ்டர்ஷயருக்கு ஆட இன்னும் தகுதி வரவில்லை என்று 1922-ல் அவரை வெளியே உட்கார வைத்ததிலும் இவர் கை உண்டு. பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையனின் ஒரு சீசன் போயிற்று. அப்போது ஹாரிஸுக்கு 71, எம்.சி.சி.யின் பொருளாளர். 1909-ல் இன்றைய ஐ.சி.சி.யின் மூல வடிவத்தைத் தொடங்கியபோதும் கூடத்தில் இருந்தவர், 1926-ல் இந்தியாவைச் சேர்த்துக்கொண்ட கூட்டத்திலும் தலைமை அவர்தான். போலோக் குதிரைகளை நகர்த்தாதவர் கையாலேயே நமக்கு உள்ளே இடம் கிடைத்தது. அவர் மாறிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. நாம் வளர்ந்துவிட்டோம், மறுக்க விதியில் இடமில்லாமல் போயிற்று.

இப்போது நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்கிறேன். மாளிகைக்குச் சற்றுத் தள்ளி, ஜெனரல் ஆசைக்காகக் கட்டிவைத்த ஒரு சின்னக் கோபுரம். கோபுரம் என்றதும் கபாலீசுவரரை நினைத்துக்கொள்ளாதே. மேலொன்று கீழொன்றாக இரண்டு அறை, அவ்வளவே. ஒரு அறக்கட்டளை பழுதுபார்த்து வாடகைக்கு விடுகிறது. சுவர் முழுக்கச் சிக்கிமுக்கிக் கல். சுண்ணாம்பு மண் பூமி இது. வயலை உழுதால் இந்தக் கல்தான் வரும். உடைத்த பக்கம் கறுத்து, கண்ணாடி போல் வழவழவென்று இருக்கிறது. விளிம்பில் பால் ஏடு மாதிரி ஒரு வெள்ளைத் தோல். கொள்ளுப்பேரன் ஹாரிஸ் இதன் முன்னால் ஆடுகளம் போட்டு, இந்தக் கோபுரத்தை ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் பெவிலியனாக்கிக்கொண்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காசில் வாங்கிய எஸ்டேட்டில் கிரிக்கெட் பெவிலியன்! அதை எண்ணிக்கொண்டே தேநீர் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஷீல்டு விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயரில் பம்பாயில் 1890களில் தொடங்கிய பள்ளிப் போட்டி அது. 1988 பிப்ரவரியில், ஆசாத் மைதானத்தில், அதன் அரையிறுதியில்தான் ஷாரதாஷ்ரமத்துக்காக டெண்டுல்கரும் காம்ப்ளியும் அவுட்டாகாமல் 664 சேர்த்தார்கள். 2013-ல் பிருத்வி ஷா 546 அடித்ததும் அதே போட்டியில். இந்தியர்களுக்குப் பொறுமை போதாது, நிதானமாக நின்று ஆட வராது என்பது ஹாரிஸின் தீர்மானமான கருத்து. அவர் பெயர் எழுதிய கேடயத்துக்காகவே நம் பையன்கள் அவுட்டாகாமல் நின்று காட்டினார்கள், பார்.

1911-ல் முதல் முதலாக ஒரு முழு இந்திய அணி இங்கிலாந்து வந்தது. பாட்டியாலா மகாராஜா கேப்டன். அணியின் முதுகெலும்பு பாலூ. அந்தப் பயணத்தில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தான். அணி கென்ட்டுடன் கேட்ஃபோர்டில் ஆடியபோது கென்ட் பக்கம் மட்டையோடு இறங்கியவர்களில் ஒருவர் ஹாரிஸ், 60 வயதில். முதல்தர ஆட்டத்தில் அவர் கடைசியாக ஆடியது அதுதான்.

கேட்ஃபோர்ட் தென்கிழக்கு லண்டனில் இருக்கிறது. திரும்பும் வழியில் இறங்கிப் பார்க்க உத்தேசம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். உன் அப்பாவிடம் ஹாரிஸ் பாலத்தின் பழைய படம் ஏதாவது இருந்தால் எடுத்து வை, வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரகு