பில்டர் வாங்க முன் ஒரு கரண்டி உப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி நிலத்தின் கீழ் தங்குகிறது. அதைத்தான் தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடிக்கின்றோம். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும், மலசலகூடக் குழியின் கசிவும் அதே வெடிப்புகளால்தான் இறங்குகின்றன. 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் பெரிதாக வெளிவந்த பின்னர், கிணற்றை எட்டிப் பார்க்கும்போதே மனத்தில் ஒரு சந்தேகம் எழுகின்றது. அந்தச் சந்தேகத்தை நம்பித்தான் இன்று பில்டர் வியாபாரமும் நடக்கின்றது.

மருமகளுக்குப் பால் போதாமல், வைத்தியரின் ஆலோசனைப்படி இரண்டாம் மாதத்திலிருந்து பேரனுக்குப் பால்மாவும் கொடுக்க வேண்டி வந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தண்ணீரே தேவையில்லை. பால்மா என்றவுடன் கிணற்றுத் தண்ணீர் நேராகப் பிள்ளையின் வயிற்றுக்குள் போகின்றது. அந்த நாட்களில்தான் பில்டர் விற்கும் தம்பி ஒருவர் படலையைத் தட்டினார்.

நல்ல மரியாதையான பிள்ளை. செயற்படுத்திய காபன் நிரப்பிய பில்டர் ஒன்றை மேசையில் வைத்து, தண்ணீரில் நீல மையைக் கலந்து ஊற்றினார். மறுபக்கத்தால் பளிங்கு போல வந்தது.

“பார்த்தீங்களோ அன்ரி, மையையே பிடிக்குது. இனிப் பிள்ளைக்கு ஒரு பயமும் இல்லை.”

“எடுப்பமோ மாமி?” என்று மருமகள் கேட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தில் பல வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவள். குசினிக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்துக்கொண்டு வந்தேன். “தம்பி, இதையும் ஒருக்கா விடுங்கோ” என்றேன். உள்ளே ஏற்கெனவே நின்ற தண்ணீர்தான் முதலில் வரும் என்பதால் முதல் இரண்டு கிளாசையும் ஊற்றிவிட்டு, அடுத்ததை அவரையே ருசி பார்க்கச் சொன்னேன்.

“உப்பாத்தான் இருக்கு அன்ரி” என்றார். அவரில் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியில் மையைத்தான் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பாவம்.

செயற்படுத்திய காபன் என்பதும் கரிதான். நல்ல ரகம் எங்கள் நாட்டுச் சிரட்டையிலிருந்தே செய்யப்பட்டு வெளிநாடுகளுக்குப் போகின்றது. சிரட்டைக் கரியை மிக உயர்ந்த வெப்பத்தில் நீராவியில் வைக்க, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துவாரங்கள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் வரும். எங்கள் காணிக் கணக்கில் நாலு பரப்பு! குளோரீன், மணம், நிறம், பூச்சிகொல்லிகளில் பல, எண்ணெய் வகைகளில் ஒரு பகுதி ஆகியவை அந்தத் துவாரச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் உப்பும், தண்ணீரின் கடினத்தன்மையும், யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்றும் ஒட்டுவதில்லை. வந்த வழியே போய்விடும்.

எங்கள் பகுதிக்குப் பெரிய பயம் அந்த நைத்திரேற்றுத்தான். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய, அதன் செறிவு கூடத்தான் செய்யும். சின்னக் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தியை அது குறைத்து, உடல் நீலம் பாரிக்கச் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. கரி பில்டரை நம்பிப் பேரனுக்குப் பால் கரைத்திருந்தால், தண்ணீர் பளிங்குபோல இருந்திருக்கும். நைத்திரேற்றும் அப்படியே இருந்திருக்கும்.

பேரனுக்கு ஆர்.ஓ. தண்ணீர் எடுத்தோம். மெல்லிய சவ்வின் ஊடாக அழுத்தி வடிக்கும் அந்த முறை நைத்திரேற்றின் பெரும்பகுதியை நிறுத்திவிடும். அதையும் கொதிக்க வைத்தே பாவித்தோம். அந்த இயந்திரத்துக்குள்ளும் ஒரு காபன் குழாய் இருக்கின்றது. சவ்வைக் குளோரீன் கெடுக்காமல் காப்பது அதன் வேலை. ஆகவே கரி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். எங்கே கொடுப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் சொல்வார்.

கொழும்பில் இருக்கும் என் மகள் வீட்டுக்குக் காபன் பில்டர் மிகப் பொருத்தம். அங்கே குழாய்த் தண்ணீர். தேநீரில்கூடக் குளோரீன் மணம் தெரியும். அவளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியபோது, பளபளப்பான வெளிக் கூட்டைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பற்றித்தான் கேட்டேன். தளர்வான கரித்தூள் நிரப்பியதில் தண்ணீர் சுகமான வழியொன்றைக் கண்டுபிடித்து, கரியில் சரியாகப் படாமலே ஓடிவிடும். இறுக்கிக் கட்டியாகச் செய்தது மேல். கரியின் தரத்தை அயடீன் எண் என்ற ஒன்றால் சொல்வார்கள். 1000 அளவில் இருந்தால் நல்லது, 900க்குக் குறைந்ததை நான் எடுக்கமாட்டேன். என்.எஸ்.எப். என்ற சான்று இருந்தால் அதன் இலக்கத்தைப் பாருங்கள். 42 என்பது ருசிக்கும் மணத்துக்கும் உரியது. உடல்நலத்துக்குக் கேடான சில பொருட்களைக் குறைப்பதற்கு உரியது 53. இரண்டையும் ஒன்றாகக் காட்டி விற்பவர்களும் உண்டு.

எத்தனை லீற்றருக்குப் பின் மாற்ற வேண்டும், மாற்றுக் குழாய் என்ன விலை, அது எப்போதும் கிடைக்குமா என்பவற்றைப் பில்டரின் விலைக்கு முன்னரே கேளுங்கள். நிரம்பிய கரி அதற்குமேல் எதையும் பிடிக்காது. குளோரீன் இல்லாத ஈரக் கரியில் பற்றீரியா பெருகும். சுடுதண்ணீரை உள்ளே விடவும் கூடாது. வடித்த பின்னரே கொதிக்க வைக்க வேண்டும். வடித்த தண்ணீரை நாட்கணக்கில் குடத்தில் வைத்திருப்பதும் சரியில்லை. ஊருக்குப் போய்த் திரும்பினால், உள்ளே நின்ற தண்ணீரை முதலில் திறந்து விடுங்கள்.

மகள் குழாய் மாற்றிய திகதியை அதன் மேலேயே மையால் எழுதி வைத்திருக்கிறாள். புதுக் குழாய் போட்டவுடன் கொஞ்ச நேரம் கறுப்புத் தூளோடுதான் தண்ணீர் வரும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தெளியும் வரை பூச்சாடிக்கு ஊற்றலாம்.