பிடியரிசி

உலைநீர் கொதிக்கத் தொடங்கி, அளந்த அரிசி சுளகில் புடைக்கப்பட்டு, களைவதற்காகச் சட்டியில் கொட்டப்படப் போகும் அந்த இடைவேளையில், என் தாயார் ஒரு கணம் கையை நிறுத்தி, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுளகிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி, அடுப்பங்கரைச் சுவரோரம் வைத்திருந்த சிறு மண்கலயத்தில் போடுவார்கள். போடும்போது அவர்களுடைய உதடுகள் அசையும். என்ன சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணல் தேரிக்கும் பனங்காட்டுக்கும் நடுவே, அயலூரார் எங்களை ‘வேதக்காரர்’ என்று அழைத்துவந்த ஒரு கிராமத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேதபாடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பரிசுக்காக மனனம் செய்த வசனங்கள் பலவும் நழுவிவிட்ட இந்த வயதிலும், வெறும் கலயத்தின் அடியில் முதல் பிடி அரிசி விழுகிற சத்தம் காதில் அப்படியே இருக்கிறது.

பிடியரிசிக் காணிக்கை எங்கள் பக்கத்துச் சபைகளில் பழைய வழக்கம். காசு அபூர்வமாக இருந்த காலத்தில், அந்த அபூர்வக் காசும் ஆண்கள் கைக்கு வந்து ஆண்கள் கையாலேயே செலவாகிவிட்ட வீடுகளில், பெண்கள் தங்களுடையது என்று சொல்லிக் கொடுக்கத்தக்க பொருள் அடுக்களையில் மட்டுமே இருந்தது. அரிசி கிட்டாத நாட்களில் கம்பு போட்டவர்களும் உண்டு. ஆனால் கொடுப்பதில் ஒரு நுட்பம் இருந்தது. அரிசிப்பானையிலிருந்து நேரே அள்ளிப் போடலாகாது. அன்றைய சமையலுக்கென்று நாழியால் அளந்தெடுத்த பிறகு, அந்த அளவிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்த பிடிக்கு ஈடாகப் பானையிலிருந்து மறுபடியும் இட்டு நிரப்பவும் கூடாது. இந்தச் சட்டத்தை யார் இயற்றினார்களோ, எந்தக் குருவானவரும் பிரசங்க பீடத்திலிருந்து இதைப் போதித்து நான் கேட்டதில்லை. “பானையிலேயிருந்து எடுத்தா அது ஆம்பிளை சம்பாத்தியம், அளந்ததிலேயிருந்து எடுத்தாத்தான் நம்ம வயிறு” என்பது என் பாட்டியின் சித்தாந்தம். அந்த ஒரு பிடி எங்கள் வீட்டில் யார் தட்டில் குறைந்தது என்று நாங்கள் யாரும் விசாரித்ததில்லை. கடைசியில் உண்பவர் தட்டில் குறைந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கடைசியில் உண்டவர் என் தாயார்.

சனிக்கிழமை மாலைதோறும் சபைப் பெண்கள் இருவர் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து கலயங்களைக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் அந்த அரிசி ஏலத்துக்கு வரும். நாற்பது வீட்டு அரிசி ஒன்றாகக் கலந்த அரிசி அது. பச்சையும் புழுங்கலும், பழையதும் புதியதும், முழுமணியும் குருணையும் ஒரே குவியலாகக் கிடக்கும். அதைச் சமைத்தால் ஒரு மணி குழைந்திருக்கும், மற்றொரு மணி விறைத்திருக்கும். ஆதலால் கையில் நாலு காசு உள்ளவர்கள் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள்; விலை தானாக இறங்கும்; ஊரில் யாருக்கு அரிசி வாங்க வழியில்லையோ அவர்களே அதை ஏலத்தில் எடுப்பார்கள். சபைக்குப் பணமும் சேர்ந்தது. ஏழைக்குத் தானம் வாங்கிய கூச்சமும் இல்லாமல் போயிற்று. இப்படி ஓர் ஏற்பாட்டை மகா மேதாவிகள் உட்கார்ந்து யோசித்துச் செய்திருந்தால் அவர்களுக்குச் சிலையே வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் அது அரிசி கலந்துபோனதால் மட்டுமே நிகழ்ந்தது.

பனைத்தொழிலை நம்பிய ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் கொடியவை. பதநீர்க் காலம் முடிந்து, இருப்பில் இருந்த கருப்பட்டியும் விற்றுத் தீர்ந்து, மழையால் வெளிவேலையும் இல்லாதிருக்கும் காலம். அப்படிப்பட்ட ஒரு கார்த்திகையில், அந்த வருஷம் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த ஒருவருடைய மனைவி எங்கள் கொல்லை வாசலில் வந்து நின்றார். “மைனி, பிள்ளைகளுக்கு ராத்திரிக்கு மட்டும்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பானையும் அன்று அடிதட்டியிருந்தது. என் தாயார் சற்று நேரம் பானையையும் கலயத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கலயத்தை எடுத்து அவர் மடியில் கவிழ்த்துவிட்டார்கள்.

கவிழ்த்த கை அன்றிரவு முழுவதும் நடுங்கியது. கர்த்தருக்கென்று எடுத்து வைத்த பொருளைத் தம் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுத்தது தோஷமல்லவா என்ற பயம் அவர்களை வாட்டியது. மறுநாள் காலையில் என்னையும் அழைத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போய், திண்ணைக்குக் கீழே நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்கள். உபதேசியார் முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே போய், பழுப்பேறிய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எவ்வளவு இருந்திருக்கும், அம்மா?” என்று வினவினார். “ஒரு நாழி இருக்கும், ஐயா.” அவர் வரவுப் பத்தியில் ஒரு நாழி என்றும், எதிரே செலவுப் பத்தியில் ஒரு நாழி என்றும் எழுதி, மை உலர ஊதினார். “ஏலம் போடாமலே போய்ச் சேர்ந்துட்டுது” என்றார்.

பிற்காலத்தில் கணக்கு உத்தியோகத்தில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். எத்தனையோ பேரேடுகளைப் பரிசோதித்து, எத்தனையோ பதிவுகளுக்குச் சிவப்பு மையால் ஆட்சேபம் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வரிகளுக்கு எழுத எனக்கு ஓர் ஆட்சேபமும் தோன்றவில்லை. ஆனால் சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர் ஆட்சேபித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘இன்று ஒரு கலயம் காலி, நாளை எல்லாக் கலயமும் காலியாகும், பிறகு சபை எப்படி நடக்கும்?’ என்பது அவர் கேள்வி. அடுத்த சனிக்கிழமை மேலும் நான்கு வீடுகளில் கலயம் காலியாகவே இருந்தது! அந்த நான்கு வீட்டுப் பிடியரிசியும் எந்த அண்டை வீட்டுக்குப் போயிற்றோ, அல்லது எங்கும் போகாமல் சொந்த உலையிலேயே விழுந்ததோ, யாருக்குத் தெரியும்? பெரியவரின் கேள்வியை மூடத்தனம் என்று தள்ள எனக்கு இப்போதும் துணிவில்லை. கலயத்தைக் கவிழ்க்கும் உரிமை, கவிழ்த்துவிட்டு இரவெல்லாம் நடுங்குகிறவர்களுக்கே உண்டு என்று மட்டும் எனக்குப் படுகிறது.

கட்டளை ஒருபுறமும் ஜீவனம் மறுபுறமுமாக மனிதனை இழுக்கும்போது, படிப்பறிவில்லாத ஜனங்கள் தாமாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்ட இன்னொரு விஷயம், ஞாயிற்றுக்கிழமைப் பதநீர். பனைக்கு ஞாயிறு தெரியாது. பாளையின் நுனியைத் தினந்தோறும் மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். தவறினால் சீவிய வாய் காய்ந்து ஊற்று அடைபட்டுவிடும். அந்தப் பாளை அத்தோடு சரி. ஓய்வுநாளில் வேலை கூடாது என்று வேதம் விதிக்கிறது; ஏறாவிட்டால் வருஷத்துச் சோறு போயிற்று என்று பனை சொல்லுகிறது. இதற்கு எங்கள் ஊரார் கண்ட தீர்வு வேதசாஸ்திரிகளின் நூல்களில் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. விடியற்கருக்கலில், முதல் மணி அடிக்கும் முன்பே, தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு மரத்துக்கு ஒரு தடவை ஏறிப் பாளையைச் சீவிவிடுவார்கள், மாலையில் ஏறுவதில்லை. இறக்கிய பதநீரைக் காய்ச்சுவதும் இல்லை, விற்பதும் இல்லை. ஊர் முகப்பில் பானைகளை வைத்துவிடுவார்கள். வழிப்போக்கரும், ஆடு மேய்க்கும் சிறுவரும், சந்தைக்குப் போகும் அயலூராரும், எந்த மதத்தவராயினும், ஓலைப்பட்டையில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார்கள். வேதக்காரன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தாகமே கிடையாது என்று அயலூரில் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு.

காய்ச்சுவதில்லை என்று தீர்மானித்ததில் உள்ள விவேகத்தை நான் வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். பனையேறுவது ஆணின் பாடு. இறக்கிய பதநீரை விடிலியில் அடுப்புக்கு முன் அரைநாள் வெந்து நின்று, பாகு பதத்துக்கு வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது பெண்ணின் பாடு. காய்ச்ச வேண்டியதில்லையென்றால் அந்த ஒரு காலையாவது அவள் தலைவாரி, வெளுத்த சேலை உடுத்தி, கோயிலுக்குப் போய் உட்காரலாம். ஓய்வுநாள் மரத்துக்குக் கிடைக்கவில்லை, ஆணுக்குப் பாதி கிடைத்தது, பெண்ணுக்கு முழுவதும் கிடைத்தது. வருஷம் முழுவதும் யார் அதிகம் களைத்தாரோ அவருக்கு அதிகம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நியமத்தை மீறியவரும் இல்லாமலில்லை. ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பதநீரைப் பக்கத்துச் சாலையோரத்தில் வைத்து இரகசியமாக விற்றுவந்தார். கேட்டால், “இது சனிக்கிழமை இறக்கினது” என்பார். சனிக்கிழமைப் பதநீர், கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவியிருந்தாலும், ஞாயிறு உச்சிவேளைக்குள் புளித்துப் போகும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். சபை அவரை விசாரிக்கவில்லை. பார்த்தவர்கள் ஒரு பட்டை வாங்கிக் குடித்து, “அட, சனிக்கிழமைச் சரக்குக்கு என்ன இனிப்பு!” என்று வியந்து, காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் அவர் கடை தானாகவே மூடிவிட்டது.

தொழிலையும் தொழுகையையும் இப்படிப் பிரிக்கமுடியாதபடி பிணைத்துவிடும் வித்தையைத் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் நன்றாக அறிந்திருந்தார். 1774-ஆம் ஆண்டிலே பிறந்து ஏறக்குறைய தொண்ணூறு வயது வாழ்ந்த அந்தக் கவிராயர், இரட்சிப்பின் வரலாற்றைக் குறவஞ்சியாகவும் ஏற்றப்பாட்டாகவும் கும்மியாகவும் பாடிவைத்தார். உழவன் நீர் இறைக்கும்போது வாயில் வரும் மெட்டிலேயே வேதமும் வந்துவிட வேண்டும் என்பது அவர் கருத்தாக இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் உலக்கை போடும்போது பாடிய கீர்த்தனைகளில் எவை அவருடையவை, எவை பிறருடையவை என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உலக்கை விழுகிற இடத்தில் தாளம் விழுந்ததா என்பதே அவர்கள் கவலை.

பிடியரிசி போன்ற சில்லறைக் காணிக்கைகளை ஏளனமாக நினைக்கிறவர்களுக்கு நான் அசரியாவின் ஞாபகத்தை ஊட்டுவதுண்டு. 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் புதல்வராகப் பிறந்த அவர், 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமாயிருந்தவர்களில் முதன்மையானவர். சீமைப் பணமும் சீமை ஆட்களும் வந்தால்தான் ஊழியம் நடக்கும் என்றிருந்த காலத்தில், இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பதே அச்சங்கத்தின் விரதம். அடுத்த ஆண்டிலேயே நெல்லை நாட்டார் ஒருவர் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பப்பட்டு, தெலுங்கு படித்து, அங்கே தங்கினார். 1912-இல் அசரியாவே ஆங்கிலிக்கச் சபையின் முதல் இந்தியப் பேராயராக அந்த மண்ணுக்கு அபிஷேகம் பெற்றார். எங்கள் தேரிக்காட்டுச் சனங்களில் பலர் தாமிரபரணிக்கு வடகரை பார்த்தவர்கள் அல்லர். தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். ஆயினும் பெயரை மட்டும் சரியாக உச்சரித்து, அங்குள்ளவர்களுக்காக ராத்திரி ஜெபத்தில் மன்றாடினார்கள்.

உத்தியோகத்தின் நிமித்தம் சென்னைக்கு வந்த நாள் முதல் நான் கொடுத்ததெல்லாம் காசோலையில்தான். வருஷ சந்தா, கட்டட நிதி, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்தும் வைத்திருக்கிறேன். கொடுத்ததனால் என் தட்டில் ஒரு பருக்கை குறைந்ததாக ஞாபகமில்லை. மனைவி காலமான பிறகு, சமையலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, ஒருநாள் அரிசியை அளந்துவிட்டு, என்ன நினைத்தேனோ, ஒரு பிடி அள்ளிப் பழைய ஹார்லிக்ஸ் புட்டி ஒன்றில் போட்டேன். மறுநாளும் போட்டேன். தனிக்கட்டைச் சமையலில் ஒரு பிடி என்பது கணிசமான பங்கு, அன்றிரவு பசித்தது, பசித்தது சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சந்தோஷத்தைப் பற்றிச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்று மாதத்தில் புட்டிகள் நான்காயின. வாங்கிப் போக ஓலைப்பெட்டியோடு வருவார் யாருமில்லை. ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டி நானே ஆலயத்துக்குக் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து, அலுவலகத்தில் உறைகளை எண்ணிக்கொண்டிருந்த இளைஞர் பையைப் பார்த்து மிகவும் மரியாதையாக எழுந்து நின்றார். “இதைப் பணமாக மாற்றி உறையில் போட்டுவிடுங்கள், சார். அரிசிக்கு நம் கணக்கில் தலைப்பு இல்லை” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது வாயிற்காவலர் என்னை நிறுத்தினார். வயதானவர், தெற்கத்திப் பேச்சு. “பையிலே என்ன ஐயா, அரிசியா?” என்றார். ஆமென்றேன். மூன்று மாதமாகச் சேர்த்தது, இரண்டு மூன்று கடை அரிசி கலந்தது, ஒன்றுபோல வேகாது என்பதையும் சொன்னேன். அவர் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, வெயிலுக்கு நேரே உள்ளங்கையில் பரப்பி, விரலால் புரட்டிப் பார்த்தார். இரண்டு வண்டுகளை வாயால் ஊதினார்.

“ஊறப் போட்டு வடிச்சா வெந்துரும்” என்று சொல்லி, தோளிலிருந்த துண்டை உதறித் தரையில் விரித்தார்.