எட்டரை மணி மழை

பதுளையில் காலை எட்டரை மணி என்றால் கிரீனிச்சில் அதிகாலை மூன்று. உலகத்தின் வானிலை நிலையங்கள் எல்லாம் குறித்த சில நேரங்களில் ஒன்றாக வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நேரங்களில் இந்த மூன்று மணியும் ஒன்று. இலங்கையில் ஒரு நாள் மழை என்பதும் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை பெய்ததல்ல, எட்டரையிலிருந்து எட்டரை வரை பெய்ததுதான். 'பதுளையில் 47 மில்லிமீற்றர்' என்று பத்திரிகையில் வாசிக்கும்போது அதற்குள் நேற்றைய பகலும் இன்றைய விடியலும் சேர்ந்தே கிடக்கின்றன.

பதுளை நிலையத்துக்கு உலக வானிலை வரிசையில் உள்ள எண் 43479. கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரம். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணத்தின் அடியில் நகரம். நான் போன நேரத்தில் பணியில் இருந்த அவதானிப்பாளர் இளம்வயதுக்காரர். மரச்சட்டம் அடுக்கிய வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்த அவர், முதலில் தசமத்தைச் சொல்லிக்கொண்டார், பிறகுதான் முழு எண்ணை. காரணம் கேட்டேன். மனித உடம்பு பக்கத்தில் வந்து நின்றாலே பாதரசம் அசையத் தொடங்கிவிடும், முதலில் மாறக்கூடியது தசமம், ஆகவே அதை முந்திப் பிடித்துவிட வேண்டும் என்றார். இத்தனை வருடம் வானிலை அறிக்கைகளைக் கேட்டவனுக்கு இந்தச் சின்னத் தந்திரம் அன்றுதான் தெரிந்தது.

பார்த்ததை அப்படியே எழுதி அனுப்புவதில்லை. ஐந்து ஐந்து இலக்கமாகக் கட்டி அனுப்ப வேண்டும். வெப்பநிலை 21.4 பாகை செல்சியஸ் என்றால் 10214. முதலில் நிற்கும் ஒன்று 'இது வெப்பநிலை' என்பதற்கு. அடுத்த பூச்சியம் 'உறைநிலைக்கு மேலே' என்பதற்கு. பதுளையில் அந்தப் பூச்சியம் ஒன்றாக மாறும் நாள் வரப்போவதில்லை, ஆனாலும் அதைப் போட்டே ஆக வேண்டும். ஏனென்றால் சைபீரியாவில் இருப்பவரும் இதே கட்டத்தைத்தான் நிரப்புகிறார். பனிபடுநிலை 18.6 என்றால் 20186. இருபத்து நான்கு மணி நேரத்தில் 47 மில்லிமீற்றர் மழை என்றால் 60474. அதில் ஆறு மழையைக் குறிக்கும், கடைசி நான்கு 'இருபத்து நான்கு மணி நேரம்' என்பதைக் குறிக்கும். அளக்க முடியாத அளவு தூறல் விழுந்திருந்தால் அதற்கும் 990 என்று ஓர் எண் இருக்கிறது.

இந்தக் குறியீட்டில் என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு இலக்கம். மழைத் தொகுதியே இல்லாமல் செய்தி போகிற நாளில், அது ஏன் இல்லை என்பதை முன்னாலேயே ஓர் இலக்கத்தால் சொல்லிவிட வேண்டும். மூன்று என்றால் 'மழை பெய்யவில்லை'. நான்கு என்றால் 'அளவு கிடைக்கவில்லை'. இரண்டு மௌனங்களையும் ஒன்றாகக் கருதக் கூடாது என்று யாரோ ஒருவர் அந்தக் காலத்திலேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

அவர் எதற்காக யோசித்தார் என்பது பசறைப் பாதையில் ஒரு தோட்டத்தில் புரிந்தது. ஊவாவின் பெருந்தோட்டங்களில் மழைப் புத்தகம் எழுதும் வழக்கம் மிகப் பழையது. கொழும்பு அவதான நிலையம் 1907இல் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே துரைமார் பங்களா முற்றத்தில் மழைமானி வைத்திருந்தார்கள். உரம் போட, கவ்வாத்து வெட்ட, மருந்து அடிக்க எல்லாவற்றுக்கும் மழைக் கணக்கு வேண்டும். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்குள் வந்தபிறகு ஈரமான நாட்களைக் கணக்கெடுப்பது இன்னும் அவசியமானது. இன்றும் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு மழைக் கணக்கு அனுப்பும் இடங்களில் தோட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றைச் சேர்த்து வரையும் வரைபடத்தின் பல புள்ளிகளுக்குப் பின்னால் சம்பளப் பட்டியலில் 'மழை அளப்பவர்' என்று ஒரு தொழில் இல்லாத யாரோ ஒருவர் இருக்கிறார்.

இந்தத் தோட்டத்தில் அவர் ஆபீசில் வேலை பார்க்கும் பெரியவர். கடிதம் கொண்டுபோவது, தேநீர் ஊற்றுவது, கதவு பூட்டுவது, அதோடு மழை அளப்பது. ஆபீசுக்குப் பின்னால் புல் வெட்டிய ஒரு சதுரத்தில் ஐந்து அங்குல வாய் கொண்ட செப்பு மழைமானி பாதி புதைந்து நின்றது. மேல் புனலைக் கழற்றி, உள்ளே இருந்த போத்தலைத் தூக்கி, ஒடுக்கமான கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். குவளையைச் சமமான கல்லில் வைத்துவிட்டு, அந்த வயதிலும் குந்தி உட்கார்ந்து, நீர்மட்டத்தின் வளைந்த அடிக்கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனார். மேலிருந்து பார்த்தால் கூடும், கீழிருந்து பார்த்தால் குறையும்.

"இந்தக் கிளாசு ஒடஞ்சிட்டா வேற கிளாசுல ஊத்தக் கூடாது தம்பி. இதுக்குன்னு செஞ்சது" என்றார். சொன்னது சரி. ஐந்து அங்குல வாயில் விழும் ஒரு மில்லிமீற்றர் மழை ஏறத்தாழ 12.7 மில்லிலீற்றர் நீர். குவளையின் கோடுகள் அந்தக் கணக்குக்கே கீறப்பட்டவை. எட்டு அங்குல மானியின் நீரை இதில் ஊற்றினால் பெய்ததைப்போல இரண்டரை மடங்கு காட்டும். பழைய பதிவுகளில் திடீரென ஒரு தோட்டத்தில் மட்டும் மழை பெருகியிருந்தால் வானத்தைச் சந்தேகிக்கும் முன் குவளையைச் சந்தேகிக்கலாம்.

புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். பழைய பக்கங்கள் அங்குலத்தில், பிறகு மில்லிமீற்றரில். ஆனி ஆடி மாதங்களில் நெடுகக் கோடு கோடாக 'இல்லை', 'இல்லை'. தென்மேல் பருவக்காற்று நுவரெலியாப் பக்கத்துச் சரிவிலேயே தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்த கச்சான் காற்றாக இறங்குகிறது. கொழுந்து அந்தக் காற்றில் வாடி நிற்கும் யூலையிலிருந்து செப்டெம்பர் வரைதான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் வருகிறது. கொழும்பு ஏலத்தில் விலை ஏறும் பருவமும் அதுவே. அந்த 'இல்லை'களுக்கும் ஒரு சந்தை மதிப்பு உண்டு.

"பெய்யலேன்னாலும் போயி பாக்கணும். பாக்காம 'இல்லே'ன்னு எழுதக் கூடாது. பாக்காத நாளைக்கு வெறுங்கட்டமா விட்டுறணும்" என்றார் பெரியவர். இந்த ஒழுங்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது பழைய பெரிய கிளாக்கராம். ஆனால் எல்லாப் பக்கங்களும் அப்படி இல்லை. சில ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகள் தவறாமல் வறண்டு கிடந்தன, திங்கட்கிழமைகளில் மழை கொட்டியிருந்தது. வானத்துக்குக் கிழமை தெரியாது. ஞாயிறு ஆபீஸ் பூட்டு. இரண்டு நாள் நீரும் திங்கள் காலை ஒரே குவளையில் விழுந்து ஒரு நாள் கணக்காக ஏறியிருக்கிறது. வெறுங்கட்டம் விட்டிருந்தால் பின்னால் வாசிப்பவர் ஊகித்திருப்பார். 'இல்லை' என்று எழுதியதால் பொய் நிரந்தரமாகிவிட்டது.

வானத்திலேயே ஏறிப் போய் அளப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். 1999 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இண்டோயெக்ஸ் என்ற இந்து சமுத்திர ஆய்வு நடந்தது. தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவும் புகைமூட்டத்தை ஆராய, அமெரிக்க தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்தின் சி-130 விமானம் மாலைத்தீவிலிருந்து பறந்தது. இப்படிப்பட்ட விமானங்களில் ஒவ்வொரு விநாடிக்கும் நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன், காற்று என்று எல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும். காற்றை மட்டும் நேராக அளக்க முடியாது. விமானம் தரையைப் பொறுத்து எங்கே எவ்வளவு விரைவில் போகிறது என்பதிலிருந்து, காற்றுக்குள் அது எவ்வளவு விரைவில் போகிறது என்பதைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் காற்று. ஆகவே வழிகாட்டும் கருவி பிசகினால் வானிலையும் பிசகும். கோப்பின் தலைப்பகுதியில் எந்த நிரலில் என்ன, எந்த அலகில், கருவி வாசிக்காத இடத்தில் எந்த எண் என்றெல்லாம் எழுதிவைப்பார்கள். பல கோப்புகளில் அந்த 'வாசிக்கவில்லை'க்குப் போடும் எண் -9999. எந்த வானிலையிலும் வர முடியாத எண்ணாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள், தப்பித் தவறிக்கூட அது பூச்சியத்தோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வியப்பில்லை. "அப்ப அவங்களும் வெறுங்கட்டந்தான் விடுறாங்க" என்றார்.

விமானத்தில் இடம் விநாடிக்கு விநாடி மாறும், அதனால் யாரும் அதைக் குறிக்க மறப்பதில்லை. தோட்டத்தில் மானி நகராது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆபீஸ் இடம் மாறியபோது இந்த மானியும் பங்களாவிலிருந்து கீழே வந்திருக்கிறது. அது எப்போது என்று புத்தகத்தில் ஒரு வரி இல்லை. நேரமும் அப்படித்தான். 1996இல் இலங்கை மணிக்கூட்டை முன்னே தள்ளியது, 2006 ஏப்ரலில் மறுபடி பழைய இடத்துக்கு இழுத்தது. கிரீனிச் மூன்று மணி அசையவே இல்லை. அந்தப் பத்தாண்டில் தோட்டங்கள் எந்த எட்டரையைப் பிடித்துக்கொண்டன என்று யாராவது உட்கார்ந்து தேடினால் நல்லது.

இவையெல்லாம் ஆராய்ச்சியாளரின் கவலைகள் என்று ஒதுக்க முடியாத இடம் இது. 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருந்த லயங்களின் மேல் மலை இறங்கியது காலை ஏழரை மணியளவில். மழை அளக்கும் எட்டரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது என்பது பிறகு பேசப்பட்டது. எச்சரிக்கை தாளில் இருந்தது, மக்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் எளியவை. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேறு. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறு. பழைய கணக்கில் ஏறத்தாழ மூன்று அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம். லயத்து மூத்தவர்கள் இன்றும் அங்குலத்தில்தான் பேசுகிறார்கள், அவர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடிபடுகிறது. 150 மில்லிமீற்றர் என்பது ஒரு ஹெக்டேயர் மலையின்மேல் 1500 தொன் நீர். ஒரு மணி நேரத்து மழையைப் பற்றி நாளுக்கொரு முறை ஊற்றும் குவளை எதுவும் சொல்லாது. அதற்குத்தான் கைபேசி வலையமைப்பில் தானாகவே செய்தி அனுப்பும் மழைமானிகள் இப்போது மலைகளில் நிற்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபிறகு அவற்றின் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்த எண் எங்கே போகிறது? கொழும்புக்கு. அங்கிருந்து மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம சேவகர் என்று இறங்கி வரவேண்டும். தோட்டத்தின் எண் மாத முடிவில் படிவமாக ஏறிப் போகிறது. மானியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லயத்துக்கு இரண்டில் எதுவும் நேராக வருவதில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்த ஓர் அக்காவிடம், நேற்று எவ்வளவு மழை என்று ஆபீசில் சொல்வார்களா என்று கேட்டேன்.

"மழய சொல்ல மாட்டாங்க. கொழுந்துல தண்ணின்னு எத்தன கிலோ வெட்டுனாங்கன்னு மட்டும் சொல்லுவாங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு கரும்பலகை போதும். காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அன்றைய மழையை எழுதி வைத்தால் எல்லாக் கண்ணும் பார்க்கும். நான் இதைச் சொன்னதும் கணக்கப்பிள்ளை மறுக்கவில்லை, ஆனால் கணக்குப் போட்டார். பிரட்டு விடியற்காலையிலேயே முடிந்துவிடும், மழை எட்டரைக்கு. பலகையில் எழுதினால் எப்போதும் முந்தின நாள் மழைதான் இருக்கும். விடிய முன்னும் ஒரு தடவை, அடைமழை நாட்களில் இரவிலும் ஒரு தடவை அளந்தால்தான் லயத்துக்குப் பிரயோசனம்.

"நான் அளக்கிறேன். டோர்ச் மட்டும் குடுங்க" என்றார் பெரியவர்.

"டோர்ச் குடுக்கலாம். ராவுல அளக்கிறதுக்கு அரைப்பேர் யாரு போடுறது?" என்று அரைநாள் சம்பளத்தை நினைத்துக் கேட்டார் கணக்கப்பிள்ளை. அதைத் துரையிடம் கேட்க வேண்டும் என்று முடிவானது.