உம்மாவின் கட்டிலருகே

நோயுற்ற தாயையோ தந்தையையோ இல்லத்தில் வைத்துப் பராமரித்து வரும் எந்தக் குடும்பத்தாரிடமும், ‘யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?’ என்று வினவிப் பாருங்கள். ‘நாங்கள்தாம்’ என்ற விடையே கிடைக்கும். அந்த ‘நாங்கள்’ என்னும் சொல்லுக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான் இருப்பாள். மகளாகவோ, மருமகளாகவோ, சில வீடுகளில் மணமாகாத தங்கையாகவோ இருக்கும் அவள், அந்தக் கேள்வி கேட்கப்படும் வேளையில் அடுப்படியிலோ நோயாளியின் அறையிலோ இருப்பாள். விடை சொல்பவர் வேறொருவராக இருப்பார்.

எங்கள் காயல்பட்டினத்தில் பெண்மக்கள் மணமான பின்னரும் தாய்வீட்டிலேயே வாழ்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். ஆகவே பெற்றோரின் முதுமைக்காலம் இயல்பாகவே மகளின் கையில் வந்து சேர்ந்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டில் என் உம்மா பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து கட்டிலோடு கிடந்தபோது, வாப்பா வஃபாத்தாகி ஆண்டுகள் சில கடந்திருந்தன. மூத்த காக்கா ஹாங்காங்கில், தம்பி துபாயில். வீட்டில் நானிருந்தேன்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது மருந்துச் சீட்டு ஒன்றைக் கையில் தந்தார்கள். அசைய இயலாத ஓர் உடலை எப்படிப் புரட்டுவது, எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படி உணவூட்டுவது என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. தெரு முனையிலிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்தாம் மூன்று நாள் வந்து எனக்குக் கற்பித்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கும் பக்கத்தை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் சொன்ன முதற்பாடம். இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் மட்டும் நான்கு முறை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எலும்பைத் தோல் ஒட்டியிருக்கும் இடங்களான இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை ஆகியவற்றை நாள்தோறும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடம் மீண்டும் பழைய நிறத்துக்கு வராவிடில் அதுவே படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவும் கூடாது. தம்பி அனுப்பிய பணத்தில் காற்று மெத்தை வாங்கினோம். மெத்தை வந்துவிட்டதால் இனிப் புரட்ட வேண்டியதில்லை என்று உறவினர் பலர் எண்ணினார்கள். அது புண் வருவதைத் தாமதப்படுத்தும். மனிதக் கைக்கு மாற்றாகாது.

உணவூட்டுவது அதனினும் கவனமான வேலை. படுக்கவைத்துக்கொண்டு ஊட்டலாகாது. முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, வாயிலிருப்பது இறங்கிவிட்டதா என்று பார்த்தபின்னரே அடுத்த கவளம். உண்டு முடித்த பின்னும் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். விழுங்கும் ஆற்றல் குன்றியவர்களுக்குத் தண்ணீர்தான் எளிதில் புரையேறும். கெட்டியான கஞ்சி அத்தனை எளிதில் ஏறாது. மூச்சுக்குழலுக்குள் போன உணவு நெஞ்சில் சளியாகி, காய்ச்சலாகி, உயிருக்கே உலைவைத்துவிடக்கூடும். என் உம்மாவுக்கு வலக்கை நன்றாக இருந்தது. தாமே எடுத்து உண்ண வேண்டும் என்று விரும்புவார்கள். பாதி சிந்தும், ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நான் ஊட்டினால் பத்து நிமிடம்தான். ஆயினும் அந்த முக்கால் மணி நேரத்தை அவர்களிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

உடலைச் சுத்தம் செய்யும் வேளையில் உம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். முதற்சில மாதங்கள் அவர்கள் கண்ணில் நீர் வழியும். பெரிய போர்வையால் மூடி, வேண்டிய இடத்தை மட்டும் விலக்கி, கதவைத் தாழிட்டு, பேத்தி பேரன்மாரை அந்நேரம் முற்றத்துக்கு அனுப்பிவிட்டுச் செய்யத் தொடங்கிய பின்னர்தான் அவர்கள் மனம் சற்று ஆறியது. தொழுகை அவர்களுக்குப் பெருங்கவலையாக இருந்தது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பதைச் சிறுவயதில் எனக்கு ஓதிக்கொடுத்தவர்களே அவர்கள்தாம். தமக்கென்று வந்தபோது அதை ஏற்க நாளாயிற்று. கட்டிலைக் கிப்லாவுக்கு இசைவாகத் திருப்பிப் போட்டோம். தண்ணீர் ஆகாத நாள்களுக்காகத் தயம்மும் செய்யச் சுத்தமான புழுதி மண்ணைத் தட்டிலிட்டுத் தலைமாட்டில் வைத்தோம். அஸரைத் தொழுதுவிட்டு, தொழுதோமா என்று மீண்டும் கேட்பார்கள். தொழுதுவிட்டீர்கள் உம்மா என்பேன். சில நாள் நம்புவார்கள். நம்பாத நாளில் மறுபடி தொழட்டும் என்று விட்டுவிடுவேன்.

திருமறையின் 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனத்தை மேடைதோறும் கேட்கிறோம். பெற்றோரை நோக்கிச் சலிப்பின் மிகச்சிறிய ஒலியைக்கூட எழுப்பக்கூடாது என்னும் அதன் கட்டளை அனைவருக்கும் மனப்பாடம். அதே வசனத்தில், முதுமையடையும் பெற்றோர் ‘உம்மிடத்தில்’ இருப்பதாகச் சொல்லப்பட்டிருப்பதை அத்தனை பேர் எடுத்துரைப்பதில்லை. பிள்ளையின் அருகில் நிகழும் முதுமையைப் பற்றியே அங்கு பேசப்படுகிறது. சலிப்புத் தோன்றுவதற்கும் அருகில் இருந்தாக வேண்டுமல்லவா? மூன்று இரவுகள் உறங்காத ஒருத்திக்குத்தான் அந்தச் சிறு ஒலியை அடக்குவது எத்தகைய போராட்டம் என்பது தெரியும். ஆகவே அந்தக் கட்டளையை அவள் நிறைவேற்றத் துணைபுரிய வேண்டியவர்கள் அவளுடன் பிறந்தவர்களே. அவளுக்கு உறக்கம் கிடைக்கச் செய்வது அத்துணைகளில் முதன்மையானது.

2021இல் காக்கா விடுமுறையில் வந்திருந்தபோது இதை அவர்களிடம் வெளிப்படையாகவே பேசினேன். பணத்தில் ஒருநாளும் குறைவைத்தவர்கள் அல்லர். ‘இன்னும் எவ்வளவு அனுப்பட்டும்?’ என்றுதான் கேட்டார்கள். ‘பணம் போதும் காக்கா; எனக்கு இரவு வேண்டும்’ என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். அன்றிரவே பாயை எடுத்துக்கொண்டு உம்மாவின் அறைக்கு வந்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில், புரட்டிப் படுக்கவைக்கவும் தலையணையைக் கால்களுக்கிடையில் வைக்கவும் பழகினார்கள். நாற்பது இரவுகள்! பகலில் வந்த உறவினர் சிலர், ‘ஆண்பிள்ளையைப் போய் இந்த வேலை செய்யவிடலாமா?’ என்று என்னைக் கடிந்துகொண்டதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

தாய்க்குப் பணிவிடை செய்து சிறப்புற்ற ஒருவரைச் சொல்லுங்கள் என்றால், நம் பிள்ளைகள் யமன் நாட்டு உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களின் பெயரைச் சொல்லிவிடும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தேடிச் சென்று தமக்காகப் பாவமன்னிப்புக் கோருமாறு வேண்டிக்கொண்ட பெருந்தகை அவர்கள். அவர்கள் ஓர் ஆண்மகன் என்பதை அந்த உறவினர்க்கு நினைவூட்டினேன். அறப்போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று வினவி, அவர்களுக்காகவே பாடுபடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பியதும் ஓர் ஆணைத்தான்.

மருமகள்மாரின் நிலையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பிற ஊர்களில் இந்தப் பாரம் முழுவதும் அவர்கள் தலையில்தான் இறங்குகிறது. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வதை மார்க்கச் சட்டம் மருமகள்மீது கடமையாக்கவில்லை. பெற்றோரின் பொறுப்பு அவர்கள் பெற்ற மக்களுடையது. மருமகள் செய்வது அவளுடைய பேருபகாரம். உபகாரம் செய்பவரிடம் நன்றி சொல்ல வேண்டும். வரதட்சணைப் பாக்கியை வசூலிப்பதுபோல் அவளிடம் வேலை வாங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

காக்கா திரும்பிச் செல்லுமுன் மூவரும் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் ஓர் அம்மாளை ஊதியத்துக்கு அமர்த்தினோம். அவருடைய சம்பளம் காக்காவின் பொறுப்பு. மருந்துக் கணக்கு, மருத்துவருடன் பேசுவது, தீருமுன் வாங்கிவைக்க ஆள் சொல்வது எல்லாம் துபாயிலிருந்தபடியே தம்பி பார்க்கிறான். அஸருக்குப் பின் தொலைபேசியில் முகம் பார்த்து அரைமணி நேரம் உம்மாவுடன் பேசுவதும் அவன் வேலை. அந்த அரைமணி நேரத்தில் நான் அந்த அறைக்குள் போகமாட்டேன். காக்காவின் மனைவி, எங்கள் மச்சி, மாதத்தில் ஐந்து நாள் தாமாகவே வந்து தங்குகிறார்கள். அந்நாள்களில் என் மகள் வீட்டுக்குப் போய் வருகிறேன்.

வீட்டுக்கு வெளியிலும் உதவி இல்லாமல் இல்லை. கேட்டுப் பெறுவோர்தாம் குறைவு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறைப் பயிற்சியும் தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. முதியோருக்கான உதவி எண் 14567. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தர 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. நம்மவர் யாரும் அந்த வாசலுக்குப் போகும்படி நேராதிருக்கட்டும்.

நம் மஹல்லா ஜமாஅத்துகள் கேரளத்தைச் சற்றே எட்டிப்பார்க்கலாம். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய தணிப்புச் சிகிச்சைப் பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் அண்டை அயலாரின் பணியாகவே மாறியது. சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் ஆண்களும் பயிற்சி பெற்று, செவிலியருடன் வீடு வீடாகச் சென்றார்கள். செலவுக்குச் சிறுசிறு நன்கொடைகள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது. ஜனாஸாவைச் சுமக்கச் சந்தூக்கு வைத்திருக்கும் ஜமாஅத்து, உயிரோடிருப்பவரை உட்காரவைக்க இரண்டு சக்கர நாற்காலிகளும், இரவல் தர ஒரு காற்று மெத்தையும் வைத்திருக்கலாகாதா?

நோயாளியை நலம் விசாரிக்க வருவது நம் சமுதாயத்தில் இன்னும் மாறாத நற்பழக்கம், அல்ஹம்துலில்லாஹ். வருகிறவர்கள் ஸபூர் செய்யச் சொல்கிறார்கள். சுவர்க்கத்தை வாங்கிவிட்டாய் என்று என்னை வாழ்த்துகிறார்கள். நான் போட்டுத் தரும் தேநீரை அருந்திவிட்டுப் புறப்படுகிறார்கள். சென்ற ரமழானில் பக்கத்து வீட்டு மாமி மட்டும், லுஹருக்குப் பின் வந்து கட்டிலருகில் அமர்ந்து, ‘நீ போய்ப் படு, அஸர் பாங்கு சொன்னதும் எழுப்புகிறேன்’ என்றார்கள். இப்போது வாரம் இருமுறை வருகிறார்கள். அவர்களுக்கு நான் தேநீர் போடுவதில்லை.