நாய் மாதிரி வாலாட்டுச்சு

எங்க வீட்டுல பல்லிக்குப் பஞ்சமே கிடையாது. டியூப் லைட்டுக்குப் பின்னாடி நாலு, பரண் மேல ரெண்டு, சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு பெரியவர்னு வாடகை குடுக்காம வருஷக்கணக்கா குடியிருக்காங்க. அப்படிப்பட்ட வீட்டுக்கு 2023 தீபாவளிக்கு நான் பெங்களூர்ல இருந்து பஸ் ஏத்தி இன்னொரு பல்லியைக் கொண்டு போனேன். டப்பாவைத் திறந்து பாத்துட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி: "இதை காசு குடுத்தாடா வாங்கினீங்க?"

நான் வாங்கலைம்மா, என் ரூம்மேட்டோடதுன்னு சொன்னேன். அவனும் வாங்கலை. அவனுக்கு முன்னாடி அந்த ஃபிளாட்டுல இருந்தவன் வேலை மாறி வெளிநாடு போகும்போது குடுத்துட்டுப் போனது. அந்த ஆளுக்கும் யாரோ குடுத்ததாம். லெப்பர்டு கெக்கோனு பேரு. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, காரட் மாதிரி குண்டு வாலு. நம்ம வீட்டுப் பல்லி மாதிரி சுவத்துல ஏறாது, விரல்ல ஒட்டுற பட்டை கிடையாது. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் தூங்கும். அந்தத் தூங்குமூஞ்சியைப் பாத்துதான் நானே விழுந்தேன். நாக்பூர்க்காரன் அதுக்கு பிஸ்கட்னு பேரு வெச்சிருந்தான்.

ஊரைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். சேலத்துல இருந்து ஏற்காடு போக ரெண்டு பாதை. எல்லாருக்கும் தெரிஞ்சது 20 கொண்டை ஊசி வளைவு இருக்கற மெயின் ரோடு. இன்னொண்ணு எங்க குப்பனூர் வழியா ஏறும். மெயின் ரோட்டுல மழைக்கு மண்ணு சரிஞ்சா மட்டும் எங்க ஊர் பேரு பேப்பர்ல வரும். மத்த நாள்ல நாங்களும் மலையும்தான். சின்ன வயசுல எங்களுக்கு டிவியை விட்டா பொழுதுபோக்கு கல்லைப் புரட்டிப் பாக்கறது. அதுல பல்லி வாலை ஒடிக்கறதும் அடக்கம். வெட்கமாத்தான் இருக்கு, ஆனா உண்மை. வெளக்கமாத்துக் குச்சியால வாலை அழுத்தினா போதும், வாலை விட்டுட்டு ஓடிடும். துடிக்கற வாலை யாருது அதிக நேரம் ஆடுதுன்னு எண்ணி, ஜெயிச்சவனுக்கு கடலை மிட்டாய். ஆயா மட்டும் திட்டும். அந்த வாலு ஆடி ஆடி உங்களைச் சபிக்குதுடான்னு சொல்லும். மத்த பெரியவங்க எல்லாம் "விடு, முளைச்சிடும்"னுவாங்க.

சரி, பிஸ்கட்டுக்கு வர்றேன். தீபாவளிக்கு ரூம்மேட் நாக்பூர் போயிட்டான். போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எட்டு பாயிண்ட் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டு, பக்கத்து ஃபிளாட் அண்ணாகிட்ட சாவி குடுத்து தண்ணி மட்டும் மாத்தச் சொல்லிட்டுப் போனான். எனக்குத்தான் மனசு கேக்கலை. நாலு நாள் அது பட்டினியா கிடக்குமேன்னு, டப்பா, புழு டப்பா, ஹீட் மேட், தெர்மோஸ்டாட் எல்லாத்தையும் மூட்டை கட்டி ஊருக்கு எடுத்துட்டு வந்துட்டேன். எட்டு பாயிண்ட் தாளையும் சட்டைப் பையில வெச்சிருந்தேன். படிச்சேனான்னு கேக்காதீங்க. ஸ்பெக் படிக்காம கோட் எழுதற ஜாதி நான்.

டப்பாவை முன் ரூம்ல ஜன்னல் ஓரமா வெச்சேன். எல்லாரும் பாக்கணும்ல. ஒளிஞ்சுக்க உள்ள இருந்த மண் ஓட்டையும் எடுத்துட்டேன், மறைக்குதேன்னு. தெரு முழுக்க வெடி. அக்கா பையன், பத்து வயசு, காலையில இருந்து அதோட முகத்துக்கு நேரா உக்காந்திருந்தான். அம்மா அடுப்படியில இருந்தே, "மேல விழுந்தா தோஷம்டா, அப்புறம் காஞ்சிபுரம் போயி தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வரணும்"னு சொல்லிட்டே இருந்தாங்க.

சாயங்காலம் பையன் கத்தறான்: "மாமா, மாமா, இங்க பாரு, நாய் மாதிரி வாலாட்டுது!"

நிஜமாவே ஆட்டுச்சு. உடம்பைக் கொஞ்சம் தூக்கி, வாலை மேல உயர்த்தி, மெதுவா இப்படியும் அப்படியும். எனக்கு ஒரே சந்தோஷம். ஃபோனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பிச்சேன். "உன்னைப் பிடிச்சிருச்சுடா அதுக்கு"ன்னு வேற சொன்னேன். மூடி திறந்திருந்துச்சு. பையன் மேல இருந்து கையை விட்டான். அதே நேரம் வாசல்ல ஒரு லட்சுமி வெடி. அது ஓட, அவன் பிடிக்க, அவன் கையில வால் மட்டும் இருந்துச்சு. அது தனியா துள்ளிக்கிட்டு இருந்துச்சு. அவன் அதைக் கீழ போட்டுட்டு ஒரு சத்தமும் இல்லாம நின்னான். அப்புறம்தான் அழுதான்.

நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "விடுடா, முளைச்சிடும்."

ரத்தம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஒரு சிவப்பு வட்டம் மட்டும் தெரிஞ்சது. சேலத்துல ஒரு கால்நடை டாக்டருக்கு ஃபோன் போட்டேன். மாடு, நாய், பூனைன்னா கூட்டிட்டு வாங்க தம்பி, இதெல்லாம் நான் பாத்ததில்லைன்னு நேர்மையா சொன்னார். அப்பதான் சட்டைப் பையில இருந்த தாளை எடுத்தேன். அஞ்சாவது பாயிண்ட்: வாலைத் தூக்கி மெதுவா ஆட்டினா பயந்திருக்குன்னு அர்த்தம், உடனே விலகிடு.

ரூம்மேட்டுக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், எவ்ளோ நேரம் வாலை ஆட்டுச்சுன்னு கேட்டான். வீடியோ நாப்பது செகண்ட் இருக்குடான்னேன். "நாப்பது செகண்ட் அது சொல்லிட்டே இருந்திருக்கு, நீ படம் எடுத்துட்டு இருந்தியா?" நல்ல வேளை, வெடிச் சத்தத்துல அப்புறம் சொன்னது சரியா கேக்கலை. கேட்டுருந்தா இன்னும் வலிச்சிருக்கும்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சதுல தெரிஞ்சது கொஞ்சம். இது வாலைப் பிடுங்கினதால அந்து போறது இல்ல. வால் எலும்புக் கணுக்கள்ல பிறவியிலேயே ஒரு பலவீனமான கோடு இருக்கு. ஆபத்து வந்தா பல்லி தன் தசையை இறுக்கி அந்தக் கோட்டுல தானே உடைச்சுக்குது. ரத்தக் குழாயும் உடனே சுருங்கிக்குது, அதான் ரத்தம் வர்றதில்ல. உடைஞ்ச வால் துடிக்கறது எதிரியோட கண்ணை அங்க இழுக்கத்தான். சின்ன வயசுல நாங்க நாலு பேர் வாலை எண்ணிட்டு உக்காந்திருந்தோமே, அதுக்காகவேதான் அது ஆடுச்சு. பல்லியோட பார்வையில நாங்க ஏமாந்த பருந்துங்க.

ஆனா லெப்பர்டு கெக்கோவுக்கு வாலுங்கறது இரும்புப் பெட்டி மாதிரி. கொழுப்பு எல்லாம் அங்கதான் சேமிப்பு. நல்லா வளர்ந்த கெக்கோ சில நாள் தீனி இல்லாம அந்தக் கொழுப்புல ஓட்டிடும். அதாவது நாலு நாள் பட்டினி கிடக்குமேன்னு நான் தூக்கிட்டு வந்தேன் பாருங்க, அந்த நாலு நாள் சாப்பாடு அது வால்லயே இருந்துச்சு. நான் கொண்டு வந்து அதையே பறிச்சேன்.

திரும்பவும் வளரும், சரிதான். ஆனா பழைய வால் வராது. புதுசுல எலும்புக் கணு கிடையாது, நடுவுல குருத்தெலும்புக் குழாய் மட்டும்தான். குட்டையா, உருண்டையா, டர்னிப் கிழங்கு மாதிரி இருக்கும், செதிலும் வேற மாதிரி. புது வால்ல அந்த உடையற கோடும் கிடையாது. அடுத்த தடவை கழட்டணும்னா மிச்சம் இருக்கற பழைய வால்ல, இன்னும் மேலதான் உடையணும். சில ஜாதிக்கு அந்த வாய்ப்பும் இல்ல. நியூ கலிடோனியாவுல இருந்து வந்த கிரெஸ்டட் கெக்கோவை நிறைய பேர் வளர்க்கறாங்க. அதுக்கு ஒரு தடவை போச்சுன்னா வாழ்நாள் முழுக்க மொட்டை வால்தான். "முளைச்சிடும்"னு சொல்றவங்க யாரும் இதைச் சொன்னதில்ல.

அதுக்கப்புறம் ரூம்மேட் ஃபோன்ல சொல்லச் சொல்ல செஞ்சேன். கீழ போட்டிருந்த தேங்காய் நார்த் தூளை எல்லாம் எடுத்துட்டு வெறும் டிஷ்யூ பேப்பர் விரிச்சேன், காயத்துல ஒட்டக் கூடாதுன்னு. தினம் மாத்தணும். கட்டுப் போடக் கூடாது. மஞ்சள் வைக்கக் கூடாது (அம்மா கிண்ணத்தோட தயாரா இருந்தாங்க). ஒளிஞ்சுக்க மண் ஓடு திரும்ப உள்ள போச்சு. ஒரு பக்கம் சூடு 31, 32 டிகிரி, இன்னொரு பக்கம் அதுக்குக் கம்மியா. கையில எடுக்கவே கூடாது. புழுவுல கால்சியம் பொடி தூவி, அது தின்னா தின்னட்டும், வாயில திணிக்காதே. காயம் வீங்கினாலோ, கறுத்தாலோ, சீழ் வந்தாலோ ஊர்வன பாக்கற டாக்டர்கிட்ட ஓடு. டப்பாவை பின் ரூம்ல, அரிசி மூட்டை பக்கத்துல வெச்சு கதவைச் சாத்தினோம். அதுதான் வீட்டுலயே அமைதியான இடம்னு காட்டினதே அம்மாதான். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய் டார்ச் அடிக்காம எட்டிப் பாத்துட்டு வந்தாங்க. காலையில கேட்டா, "அரிசிக்கு எலி வருதான்னு பாத்தேன்"னாங்க :-)

மூணாவது நாள் ஒரு புழு தின்னுச்சு. பெங்களூர்ல ஊர்வன பாக்கற டாக்டர் ஒருத்தர் பாத்துட்டு, காயம் சுத்தமா இருக்கு, தொந்தரவு பண்ணாம விடுங்கன்னார். பொங்கல் சமயத்துல குட்டியா ஒரு பழுப்பு வால் வந்திருந்துச்சு. பாக்க அழகுன்னு சொல்ல முடியாது.

இதுல எனக்கு உறுத்தினது வேற ஒண்ணு. இந்த மிருகம் நல்லா பாத்துக்கிட்டா 15, 20 வருஷம் இருக்கும். அதுக்குள்ள இது மூணாவது கை. என்னையும் சேத்தா மூணே முக்கால். எங்க பிறந்தது, யார் வித்தது, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இக்வானா, பால் பைத்தான், ஆப்பிரிக்க சாம்பல் கிளி மாதிரி சைட்ஸ் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு உயிர்களை வெச்சிருந்தா அரசாங்கத்துல பதிவு பண்ணணும்னு வனவிலங்குச் சட்டத்துல 2022ல திருத்தம் வந்துச்சு, அதுக்கான விதிகள் 2024 பிப்ரவரியில வந்துச்சு. நம்ம ஊர் நட்சத்திர ஆமை, உடும்பு, ஏன் ஜோசியக்காரர் பச்சைக்கிளி கூட, வீட்டுல வெச்சிருக்கறதே குற்றம். ஆனா பேப்பரை விடுங்க. வேலை மாறும்போது சோஃபாவை ஓஎல்எக்ஸ்ல போடற மாதிரி கை மாத்தற தலைமுறை நாம. இருபது வருஷத்துக்கு எந்த ஊர்ல இருப்போம்னு நமக்கே தெரியாது. ரூம்மேட்டை அன்னிக்கு விட நான் இப்ப அதிகம் மதிக்கறேன். பிஸ்கட்டுக்காகவே வெளிநாட்டு ஆன்சைட் ஒண்ணை வேண்டாம்னுட்டான்.

இதெல்லாம் தோண்டும்போது எங்க மலையைப் பத்தியும் கிடைச்சுது. பிறந்து வளர்ந்த எனக்கே தெரியாது. பெட்டோம்னு ஒரு வெள்ளைக்காரர் 1870லயே சேர்வராயன் மலையில ஒரு ஒல்லிப் பல்லியை விவரிச்சு, ஆரஞ்சு நிறம்னு அர்த்தம் வர்ற மாதிரி அவுரான்டியாக்கஸ்னு பேரு வெச்சிருக்கார். 2000ல பாறைப் பல்லி ஒண்ணுக்கு ஏற்காடு பேரையே வெச்சாங்க, நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ். 2019ல அதே இனத்துல இன்னும் ரெண்டு, இதே மலையில இருந்து. ஒண்ணு பேரு சேர்வராயென்சிஸ். அந்த ஒல்லிப் பல்லியோட சொந்தக்காரங்களுக்கும் அதே 2019ல பேரு வெச்சிருக்காங்க. கொல்லிமலைக்கு ஒண்ணு, பெங்களூருக்கு ஒண்ணு. வேலை பாக்கற ஊருக்கு ஒண்ணு, பிறந்த மலைக்கு ஒண்ணு!

சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அடுத்த பக்கத்தைப் படிக்கிற வரைக்கும். சீனாவுல 1999ல கோனியூரோசாரஸ் லுயின்னு ஒரு கெக்கோவை விவரிச்சாங்க, நம்ம பிஸ்கட்டுக்குத் தூரத்துச் சொந்தம். கட்டுரையில இடம் தெரிஞ்சதும் செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிக்கறவங்க போயி, அந்த இடத்துல ஒண்ணு கூட இல்லாம வழிச்சுட்டாங்க. ஒரு மலையில மட்டும் இருக்கறதுக்கு அந்த ஒரு மலைதானே கணக்கு. நாங்க கல்லைப் புரட்டி வாலை ஒடிச்சோமே, அதுல எது எந்தப் பல்லின்னு யார் கண்டா.

போன மாசம் அக்கா பையன் ஃபோன் பண்ணினான். குரல்ல ஒரே ரகசியம். "மாமா, மலை மேல கல்லு சந்துல ஒண்ணு பிடிச்சேன். வாட்டர் பாட்டில்ல இருக்கு. கண்ணு நம்ம வீட்டுப் பல்லி மாதிரி இல்ல, கருமணி உருண்டையா இருக்கு. பகல்லயே சுத்துது மாமா."

எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. பாறைப் பல்லிங்கதான் அப்படி.

"வால் இருக்கா?"

"இருக்கு மாமா. நான் வாலைத் தொடவே இல்ல. கல்லை விட்டு வந்ததும் பாட்டிலை முன்னாடி வெச்சேன், தானா உள்ள போச்சு."

"எங்க எடுத்தியோ அதே கல்லுலயே கொண்டு போய் விடு. இப்பவே."

"நாளைக்கு ஸ்கூல்ல காட்டிட்டு..."

"இப்பவே."

ஒரு மணி நேரம் கழிச்சு திரும்பக் கூப்பிட்டான். மூச்சு வாங்குது. விட்டுட்டேன் மாமா, வாலாட்டலை, நேரா ஓடிடுச்சுன்னான். சரி, அதே கல்லுதானேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அங்க மூணு கல்லு ஒரே மாதிரி இருந்துச்சு மாமா."