தனியாள் வேறு, ஆளற்றவர் வேறு

மொழிபெயர்ப்புத் தாள் நடத்தும் வகுப்பில் ஒருநாள் எளிய ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தந்தோம். 'ஷீ ஈஸ் அலோன், பட் நாட் லோன்லி' என்பது அது. மாணவி ஒருத்தி, 'அவள் தனியாக இருக்கிறாள். ஆனால் தனிமையில் இல்லை' என்று எழுதி வந்தாள். முன்னுக்குப்பின் முரண் எனச் சிவப்பு மையால் சுழித்து ஒரு மதிப்பெண் குறைத்தோம். திருத்தி எழுதிக்காட்ட முனைந்தபோதுதான் எம் கையும் கரும்பலகையில் நின்றுவிட்டது.

'அலோன்' என்பது 'முழுதும் ஒன்று' எனப் பொருள்படும் இரு சொற்கள் இணைந்து பிறந்தது. அதன் தலையெழுத்து தேய்ந்து 'லோன்' ஆயிற்று. அதினின்று கிளைத்தது 'லோன்லி'. ஒரே வயிற்றுப் பிள்ளைகளாயினும் குணம் வேறு. முன்னது எண்ணிக்கையைச் சொல்வது. உடன் வேறொருவர் இல்லை என்பதற்குமேல் அது எதுவும் கூறாது. 'மட்டும்' என்ற பொருளிலும் வரும்: 'ஷீ அலோன் நோஸ்' என்றால் அவள் மட்டுமே அறிவாள் என்பதாம். பின்னது மனத்தின் வெறுமையைச் சொல்வது. இலக்கணத்திலும் வேறுபாடுண்டு. 'லோன்லி மேன்' எனப் பெயர்க்குமுன் அடையாக்கலாம். 'அலோன் மேன்' என்பது வழு. ஆளரவமற்ற சாலையையும் 'லோன்லி' என்பர். 2018இல் பிரிட்டன் அரசு ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்த துறை இந்த இரண்டாம் சொல்லுக்கு உரியது. முதற்சொல்லுக்கு அமைச்சர் தேவையில்லை.

தமிழில் 'தனி' இரண்டையும் சுமக்கிறது. 'தனிச்சிறப்பு' என்னுமிடத்துப் பெருமையையும் சேர்த்துச் சுமக்கிறது. சங்கப் பாடல்களில் பிரிவால் வாடும் தலைவி 'தமியள்' எனப்படுவதுண்டு. அச்சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம் என எண்ணினோம். ஆனால் புறநானூற்றின் 182ஆம் பாட்டில் கிடைத்ததைத் தாம் மட்டும் உண்ணாத சான்றோரைப் பேசுமிடத்தும் 'தமியர்' வருகிறது. அங்கே துயரில்லை; எண்ணிக்கையே உண்டு.

விடை நூலகத்தில் கிடைக்கவில்லை, வீட்டில் கிடைத்தது.

தந்தையார் மறைந்தபின் எம் அன்னை ஊரில் நான்காண்டுகள் ஒருவராகவே வாழ்ந்தார். தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், 'தனியா இருக்கீங்களேம்மா' என்பதே எம் முதற்பேச்சு. இறுதியில் வற்புறுத்தி நகரத்து அடுக்ககத்திற்கு அழைத்து வந்தோம். ஐவர் வாழும் வீடு. காலை எட்டு மணிக்குமேல் ஐவரில் நால்வர் இல்லை. மாலையில் நால்வரும் வந்தபின் ஆளுக்கொரு திரை. தண்ணீர்க் குடுவை கொண்டுவரும் பையனை நிறுத்தி மோர் குடிக்கச் சொல்வார். அவன் நேரமில்லை என்று படியிறங்குவான். ஊற்றிய மோர் மேடையிலேயே இருக்கும்.

மூன்றாம் மாதம் ஓரிரவு, யாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையில் அருகில் வந்தமர்ந்தார்.

"என்னை ஊர்ல விட்டுடு தம்பி. அங்க நான் தனியாத்தான் இருந்தேன். ஆளில்லாம இல்லை."

மேற்கொண்டு அவர் எதுவும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. அந்த வாரமே கொண்டுபோய் விட்டோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு சேர்வதற்குள் ஏழு பேர் அவரை வழிமறித்துப் பேசினர். நான்காண்டுகளாக யாம் இரங்கியது அவர் நிலைக்கா, அருகில் இல்லாத எம் குற்றவுணர்வுக்கா என்ற கேள்வி திரும்பும் வழியெல்லாம் உடன்வந்தது. அவருக்கு முதுமை கூடுகிறது. இரவில் விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே என்னும் அச்சம் இன்றும் நீங்கவில்லை. சொல் தெளிந்ததால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

மறுநாள் வகுப்பில் எழுதினோம்: 'அவள் தனியே வாழ்கிறாள், ஆனால் ஆளற்றவள் அல்லள்.' குறைத்த மதிப்பெண்ணையும் அம்மாணவிக்குத் திருப்பித் தந்தோம். முரண் அவள் தமிழில் இல்லை. எம் செவியில் இருந்தது.

இதனினும் பொருந்திய சொல் அன்பர்களுக்குத் தோன்றுமாயின் அறியத் தருக.